வாசிப்பு: அளவு நாட்டினது, வழி ஊரினது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டுகளைக் கண்ட நம் கல்லூரியின் மண்டபத்தில், ஒரு காலத்தில் காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நின்ற இடத்துக்கு எதிரே, இன்று ஒலிவாங்கியின் முன் நிற்கிறோம். மருத்துவம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். நீரிழிவு பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் குறிப்பு எடுத்தோம். பிறகு அந்தக் குறிப்பை மடித்து வைத்துவிட்டோம். எங்கள் கிளினிக்கிற்கு வந்த ஒரு சின்னப் பையன்தான் அதற்குக் காரணம்.

அவன் கரையோரக் கிராமம் ஒன்றில் தரம் 4 இல் படிக்கிறான். பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது அவனைக் கண்பார்வை அட்டைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மேல் வரியிலிருந்த பெரிய எழுத்தைக்கூட அவன் சொல்லவில்லை. பேசாமல் நின்றிருக்கிறான். பார்வைக் குறைபாடு என்று எழுதித் துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாய் பயந்துபோய் வந்தார். "கண் தெரியேல்லை எண்டு சொல்லுகினம் டொக்டர், கண்ணாடி போட்டால் சரிவருமோ?" என்று கேட்டார்.

எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கென்று ஓர் அட்டை இருக்கிறது. அதில் எழுத்துகள் இல்லை. முள்ளுக்கரண்டி போல மூன்று கால் உள்ள ஒரு குறி மட்டும் பல அளவுகளில் இருக்கும். கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிள்ளை விரலால் காட்டினால் போதும். அந்த அட்டையை மாட்டினோம். ஆறு மீற்றர் தூரத்தில் நின்று, கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை இல்லாமல் காட்டினான். அவனுடைய கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அவனுக்குத் தெரியாதிருந்தது எழுத்துத்தான்.

மூன்று வருடத்துக்கு மேல் பாடசாலைக்குப் போயிருக்கிறான். வரவு நன்றாகவே இருந்திருக்கிறது. நாடு முழுவதும் வழங்கப்படுகிற அதே பாடநூல் அவனுடைய பைக்குள்ளும் இருந்தது. உறை போட்டு, மூலை மடியாமல், தாய் கவனமாக வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை அவனால் வாசிக்க முடியாது என்பதை ஒருவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் கண் பரிசோதனையில்தான் அது தெரியவந்தது, அதுவும் வேறொரு நோயின் பெயரில்.

இங்கே வைத்தியர்களாகிய எங்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. இதே பிள்ளையின் எடை குறைந்திருந்தால் இப்படி நாலு வருடம் தெரியாமல் போயிருக்குமா? போயிருக்காது. நம் நாட்டில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார விருத்திப் பதிவேடு ஒன்று கொடுக்கப்படுகிறது. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. இங்கே இருக்கும் தாய்மார் எல்லோரும் அதைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். குடும்பநல மருத்துவமாது பிள்ளையை நிறுத்து, அந்தப் படத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு சரியத் தொடங்கினால் அவர் வீடு தேடி வருவார்.

அந்தப் படத்திலுள்ள கோடுகள் யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று என்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து, 2006 இல் வெளியிட்ட கோடுகள் அவை. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் வளரும் என்பதே அந்த ஆய்வு காட்டிய உண்மை. ஆகவே அளவு எல்லோருக்கும் ஒன்று. மீனவர் பிள்ளை, தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, வைத்தியரின் பிள்ளை என்று அது பார்க்காது.

ஆனால் கோடு சரிந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று வரும்போது, கொழும்பிலிருந்து ஒரே சமையல் குறிப்பு வருவதில்லை. இங்கே மருத்துவமாது முருங்கை இலையும் நெத்தலியும் குரக்கனும் சொல்லுவார். மலையகத்தில் அங்கே கிடைப்பதைச் சொல்லுவார். வீட்டில் என்ன இருக்கிறது, அம்மா வேலைக்குப் போனால் ஊட்டுவது அம்மம்மாவா என்று கேட்டறிந்துதான் சொல்லுவார். கோடு எங்கிருந்தும் வரலாம். கஞ்சியை அந்தந்த வீட்டு அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும்.

வாசிப்பில் நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் இன்று சொல்ல வந்தது. எந்தப் புத்தகம், எந்தப் பாடம், எந்த வாரம் என்பதை இறுக்கிப் பிடித்திருக்கிறோம். பிள்ளை வாசிக்கிறதா என்பதைத் தளர விட்டிருக்கிறோம்.

பொதுவான அளவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஐ முதலாம் முதன்மை நிலை என்றும், 3, 4 ஐ இரண்டாம் நிலை என்றும், 5 ஐ மூன்றாம் நிலை என்றும் பிரித்தது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளையும் பட்டியலிட்டது. நல்ல பட்டியல் அது. ஆனால் வகுப்பறை வாசலில் கேட்கப்படும் கேள்வி வேறு. "எத்தனையாம் பாடத்தில் நிற்கிறீங்கள் ரீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். "எத்தனை பிள்ளைகள் தாங்களாக வாசிக்கிறார்கள்?" என்ற கேள்வி அரிதாகவே வருகிறது. பாடம் முடிகிறது, வயதோடு வகுப்பும் ஏறுகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அடுத்த வகுப்பின் கடைசி வாங்கில் போய் அமர்ந்துகொள்கிறது.

இப்படிச் சொல்வதால் அரசாங்கப் பாடநூலை நாம் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த நூலுக்கு எங்கள் வகுப்பு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. 1980 முதல் இலவசமாகக் கிடைத்த புத்தகங்களைப் படித்தவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்டபோது நாங்கள் ஆண்டு 10. மழைக்குள்ளால் நடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சில வாரங்களின் பின், அங்கிருந்த ஒரு பாடசாலையில் பின்னேர வகுப்பில் இருத்தினார்கள். வாங்கு எங்களுடையதல்ல. பக்கத்தில் இருந்தவர்களும் புதியவர்கள். முதல் நாள் ஆசிரியை பக்க இலக்கத்தைச் சொல்லிப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தால், இங்கே நாங்கள் விட்டுவிட்டுப் போன அதே பாடம். வீடு இல்லை, கல்லூரி இல்லை. அந்தப் பக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊருக்கு ஒரு புத்தகம் என்று அன்று இருந்திருந்தால், எங்களில் பலர் அந்த ஆண்டோடு படிப்பை விட்டிருப்போம்.

ஆகவே நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அது வேண்டும். தகப்பனின் இடமாற்றத்தோடு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ போகிற பிள்ளைக்கும் அது வேண்டும். அதைவிட முக்கியமாக, "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்ற வார்த்தையிலிருந்து ஏழைப் பிள்ளையைக் காப்பாற்றவும் அது வேண்டும். உள்ளூர் நெகிழ்வு என்ற பெயரில் இந்த வார்த்தை உள்ளே வந்துவிடக் கூடாது. தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தடுப்பூசியைப் பாதி அளவாக நாங்கள் போடுவதில்லை. வாசிப்பும் அப்படித்தான்.

ஆனால் வழி ஏன் ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும்? நம் மொழியின் இயல்பில் அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் எழுத்துகள் 247. வடிவங்களைப் பழகுவதற்கே காலம் எடுக்கும். அதற்கு மேல், வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. வீட்டில் "வாறன்" என்று சொல்கிற பிள்ளை, புத்தகத்தில் "வருகிறேன்" என்று பார்க்கிறது. "எண்டு" என்பது "என்று" ஆகிவிடுகிறது. எழுத்தைக் கூட்டி உச்சரித்த பிறகும், அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. எழுத்து ஒரு பாரம், பழகாத சொல் இன்னொரு பாரம். இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே தமிழ்ப் பாடநூல் பருத்தித்துறைக்கும் போகிறது, அக்கரைப்பற்றுக்கும் போகிறது, அற்றனுக்கும் போகிறது. நம் வீட்டில் அம்மம்மா. மலையகத்தில் பாட்டி அல்லது அம்மாயி. முஸ்லிம் வீடுகளில் உம்மும்மா. எந்தச் சொல்லைப் புத்தகத்தில் போட்டாலும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு அது அயல் வீட்டுச் சொல்லாகிவிடும். இது புத்தகம் எழுதியவர்களின் பிழையல்ல. ஒரு புத்தகத்தால் அவ்வளவுதான் முடியும். மிச்சத்தை வகுப்பாசிரியர்தான் செய்ய வேண்டும். அதற்கு அவருக்கு நேரமும் அனுமதியும் வேண்டும்.

அந்த அனுமதி சட்டத்தில் இல்லாமல் இல்லை. கலைத்திட்டம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகிறது. பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13 ஆவது திருத்தத்தில், கல்வி பற்றிய பின்னிணைப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆரம்பக் கல்விக் கலைத்திட்டத்தில் உள்ளூர் வேறுபாடுகளை மாகாணங்கள் உரிய அங்கீகாரத்துடன் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. அமைச்சின் அங்கீகாரத்துடன் பாடசாலை நூல்களை ஆக்கலாம் என்றும் இருக்கிறது. அதிகாரப் பகிர்வு பற்றி எத்தனையோ கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் திறந்திருக்கும் இந்தச் சின்ன வாசலை நாம் எவ்வளவு பயன்படுத்தினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது நம் மண்ணுக்குப் புதிய வேலையும் அல்ல. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கியவர். பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் வேண்டும் என்று கண்டு, பாலபாடங்களை அவரே எழுதி அச்சிட்டார். எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம், பிறகு பெரிய கட்டுரை என்று படிப்படியாக ஏறுகிற நூல்கள். யாழ்ப்பாணத்தில் எழுதியவை தமிழகத்திலும் படிக்கப்பட்டன. ஊரிலிருந்து எழுதியதால் தரம் குறைந்துவிடவில்லை.

நம் கல்லூரியிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1990 இல், பொருளாதாரத் தடை தொடங்கிய காலத்தில், நாங்கள் ஆண்டு 5. கடதாசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். புத்தகமும் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் வகுப்பு ரீச்சர், வீட்டிலே அச்செழுத்து உள்ள எதையும் கொண்டுவரச் சொன்னார். பழைய பத்திரிகை, கலியாண அழைப்பிதழ், மருந்துப் போத்தல் சிட்டை, அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எல்லாம் வகுப்புக்கு வந்தன. அவற்றை வைத்தே வாசிப்புப் பாடம் நடந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் ஒவ்வொருவராக அவரிடம் போய், முன்பு காணாத ஒரு பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடித்ததும் அதில் என்ன இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அதில் ஒருவருக்கும் விலக்கு இல்லை. முடியாதவர்களை அவர் ஏசியதில்லை. இடைவேளையில் வேப்பமரத்தடியில் தன்னோடு இருத்திக்கொள்வார். யார் யார் அங்கே இருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று இந்த மண்டபத்திலும் சிலர் இருக்கிறோம்! அந்த ரீச்சரின் வழி ஆயிரம் விதமாக வளைந்தது. அளவு ஒருநாளும் வளையவில்லை. தடைக்காலத்தில் அவர் செய்ததைத்தான் இன்று கொள்கையாகக் கேட்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அளவு என்றதும் உடனே பரீட்சை வைத்துவிடுவோம். புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகள் காலையும் மாலையும் ஓடுவதைப் பார்க்கிறோம். தலையிடி, வயிற்றுவலி என்று கிளினிக்கிற்கும் வருகிறார்கள். எடை பார்க்கும் இடத்தில் யாரும் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று பரிசு கொடுப்பதில்லை. கூடிய எடையுள்ள பிள்ளையின் படத்தைப் பத்திரிகையில் போடுவதும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று அறிவதற்காகத்தான் நிறுக்கிறோம். வாசிப்பையும் அந்த எண்ணத்தோடு அளக்க வேண்டும். முடிவு ஆசிரியரின் கையில் இருந்தால் போதும், அறிவித்தல் பலகைக்கு வர வேண்டியதில்லை.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, சுற்றியுள்ள சிறிய ஆரம்பப் பாடசாலைகளுக்கு, அதிபர்களின் விருப்பத்தோடும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியோடும், தவணைக்கு ஒருமுறை நாம் போக வேண்டும். தரம் 2, 3 பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சிறிய பத்தி வாசிப்பதை அருகில் இருந்து கேட்க வேண்டும். கேட்டதை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நம் சங்கத்தில் இவ்வளவு பேர் இருக்கும்போது இது முடியாத காரியமல்ல.

இரண்டாவது, அந்த ஆசிரியர்களோடு சேர்ந்து, ஊர்ச் சொல்லில் தொடங்கிப் புத்தகத் தமிழில் போய் முடிகிற சிறிய வாசிப்பு நூல்களை ஆக்க வேண்டும். கடற்கரைக்கு ஒன்று, தோட்டவெளிக்கு ஒன்று, பட்டினத்துக்கு ஒன்று. பாடநூலுக்குப் பதிலாக அல்ல, பாடநூலுக்குப் போய்ச் சேரும் படிக்கட்டாக. அவற்றை மாகாணக் கல்வித் திணைக்களத்தினூடாக முறைப்படி அங்கீகாரத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டத்திலுள்ள வாசலை யாராவது தட்டினால்தானே திறக்கும்.

மூன்றாவது வேண்டுகோள் கொஞ்சம் சங்கடமானது. நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவதற்கு நிதி சேர்க்கிறோம். வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஒரு சாண் பதிவாகக் கட்டி, மிச்சத்தில் இந்த நூல்களை அச்சிடலாம் என்று கேட்கிறோம். வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து வந்தவர்கள் இதைத் தங்கள் கூட்டங்களில் பேச வேண்டும்.

நம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயம் நமக்கு இவ்வளவு காலம் அவசரமாகத் தெரியவில்லை. வீட்டில் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம், தனியார் வகுப்புக்கு அனுப்பினோம், நம் பிரச்சினை தீர்ந்தது. இலவசக் கல்வியால் வைத்தியரானவர்கள் அப்படி இருந்துவிட்டோம் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்வதுதான் முறை.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவனுடைய பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவரோடு பேசினோம். அவர் பாடப் பதிவேட்டுக்குப் பயந்து பயந்துதான், தினமும் அரை மணித்தியாலம் ஒதுக்கினார். அவனுக்குத் தெரிந்த மீன்களின் பெயரைக் கேட்டார். ஓரா, பாரை, சூடை, திருக்கை, விளை என்று இடைவிடாமல் சொன்னானாம். "விளை" என்று எழுதினார். பக்கத்தில் "வலை" என்று எழுதினார். எழுத்தை மாற்றி வைத்து "விலை" என்றார், பிறகு "வளை" என்றார். மீன் விலையும் நண்டு வளையும் அவனுக்குத் தெரியாததா? லகரமும் ளகரமும் அன்றைக்கே பிரிந்து தெரிந்தன.

எட்டு மாதத்துக்குப் பின் வேறொரு காய்ச்சலுக்காகத் தாய் அவனைக் கூட்டிவந்தார். சுவரில் டெங்கு பற்றிய விளம்பரம் ஒட்டியிருந்தது. நாங்கள் கேட்காமலே அவன் அதைப் பார்த்து, விரலை நீட்டி, "நீர்... தேங்க... விடாதீர்கள்" என்று வாசித்தான். மெதுவாகத்தான் வாசித்தான். தன் வகுப்புக்கு உரிய அளவை அவன் இன்னும் எட்டவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோடு மேல்நோக்கித் திரும்பிவிட்டது. பிள்ளையின் பதிவேட்டில் அப்படி ஒரு திருப்பத்தைக் கண்டால் வைத்தியர்களாகிய எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவனைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் கடைசி வாங்குகளில் இருக்கிறார்கள் என்பது, நாம் போய்க் கேட்டால்தான் தெரியும். நூற்றியோராவது ஆண்டின் முதல் வேலையாக அதைச் செய்வோம்.